சரஸ்வதி முன்னால் செத்த நொதியம்

என் பூஞ்சணம் பார்க்க லட்சணமானது. இதை நானே சொல்லக் கூடாதுதான். வேறு யாரும் சொல்லாதபடியால் சொல்லவேண்டியிருக்கிறது. கண்ணாடித் தட்டில் முதலில் பஞ்சு மாதிரிப் படரும். பிறகு மிளகுத்தூள் தூவியது போல நடுவிலிருந்து கறுத்துக்கொண்டு வரும். ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கரை நிற்கும், கறுப்புப் பட்டுக்குக் கரை வைத்த மாதிரி. தேயிலைப் பெக்டரிக்குப் பின்னால் மழையில் ஊறிக் கிடந்த கழிவுத்தூள் குவியலிலிருந்து அதை நான்தான் எடுத்தேன். முழங்கால் வரைக்கும் அட்டை கடிக்கக் கடிக்க எடுத்தேன்.

"ஊர்ல எல்லாரும் மண்ணத் தோண்டி மாணிக்கக்கல்லு எடுக்குறாங்க. நீங்க குப்பையத் தோண்டி புஸ்ஸு எடுத்துட்டு வாறீங்க" என்றாள் மனைவி, என் காலுக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே. புஸ் என்றால் சிங்களத்தில் பூஞ்சணம். எங்கள் பக்கத்தில் தின்கிற பாண் பூத்தாலும் காலில் போடுகிற சப்பாத்து பூத்தாலும் அதே சொல்தான். இரத்தினபுரி மழையில் இரண்டும் அடிக்கடி பூக்கும்.

குருவிட்டைக்கும் எஹலியகொடைக்கும் நடுவில் ஒரு தோட்டம். பெக்டரியை ஒட்டிய பழைய ஸ்டோரை வெள்ளையடித்து, ஆய்வுகூடம் என்று பலகை மாட்டியிருந்தார்கள். சேர் என்று நாங்கள் கூப்பிட்ட தலைவர் ஒருவர், உதவியாளன் நான், அவ்வளவுதான் ஆய்வுகூடம். சேர் சிங்களவர், சிரிப்பை மீசைக்குள் வைத்துப் பூட்டியிருப்பவர். புது நூற்றாண்டு பிறந்த கையோடு, கரண்ட் வெட்டு சோறு தண்ணி மாதிரி தினம் வந்துகொண்டிருந்த காலம் அது.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். சாயம் நன்றாக இறங்கிய, பால் விடாத பிளேன்டீ சுடச்சுட இருக்கும்போது மாணிக்கம் போலத் தெளிவாயிருக்கும். அதையே ஆறவிட்டுக் குளிரில் வைத்தால் வெள்ளக்காலத்துக் களுகங்கை மாதிரிக் கலங்கிவிடும். குளிர்ந்த தேத்தண்ணியைப் போத்தலில் அடைத்து விற்க நினைக்கிறவர்களுக்கு இது பெரிய தலையிடி. தேயிலையின் துவர்ப்புச் சரக்கு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வரும் கலக்கம் அது. சில பூஞ்சணங்கள் அந்தத் துவர்ப்பைத் தின்றே வளரும். தின்ன வசதியாக அதை வெட்டிப்போடும் நொதியம், அதாவது என்சைம், ஒன்றை வெளியே விடும். அந்த நொதியத்தை வடித்துச் செறிவாக்கி, தேத்தண்ணியில் நாலு சொட்டு விட்டால் போதும். எத்தனை குளிரில் வைத்தாலும் தெளிவாகவே நிற்கும்.

கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் நொதியம் சூரை மீன் மாதிரி. ஐஸை விட்டு இறக்கினால் கெட்டுப்போகும். எங்கள் கரண்டோ நினைத்த நேரம் போகும். ஆகவே சேருக்கு வெறும் நொதியம் போதாது. எங்கள் ஊர்ப் புழுக்கத்தில் மேசைமேல் கிடந்தாலும், சூட்டில் போட்டாலும் சாகாத நொதியம் வேண்டும். அதைக் கொண்டுவருகிறவருக்குப் பல்கலைக்கழகத்தில் முதுமாணிப் பட்டத்துக்கு, அதாவது மாஸ்டர்ஸுக்கு, பதிய இடம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே இடம். நான் ஒரே ஆள். அந்தக் கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாற்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதுதான் கடைசி பஸ்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை வேலைக்கு வந்து சேர்ந்தாள்.

கேகாலைப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்தவள், மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரக் குடும்பம். பல்கலைக்கழகம் முடித்து மை காயாமல் வந்திருந்தாள். முதல் நாளே என்னை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டாள். அண்ணே என்று கூப்பிடுகிறவள்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியாது. நான் சிரமப்பட்டுத்தான் செய்தேன்.

சம்பள லீவுக்கு ஊருக்குப் போய்வந்தவள் ஒரு ஜாம் போத்தலோடு வந்தாள். திறந்ததும் சேர் மூக்கைப் பொத்தினார்.

"எங்க லயத்து வீடுகளுக்குப் பின்னால ஒரு கழிவுக் கான் ஓடுது, அண்ணே. எல்லா வீட்டுத் தேயிலைச் சக்கையும் அதுலதான் கொட்டுவாங்க. சோறு வடிச்ச கஞ்சி, வெந்நி எல்லாம் அதுக்குள்ளதான்."

"வெந்நி ஊத்துன கான்ல என்ன புள்ள மொளைக்கும்?"

"அதுக்கும் சாகாம ஏதாச்சும் ஒன்னு இருக்குமில்ல, அண்ணே?"

நான் சிரித்தேன். சேர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் என் வயிற்றில் முதல் நெருப்பு.

அவளுடைய பூஞ்சணம் சொறிநாயின் முதுகு மாதிரி இருந்தது. மேடும் பள்ளமும், ஒரு பக்கம் பழுப்பு, ஒரு பக்கம் கறுப்பு. ஆனால் என்னுடையது யோசித்து யோசித்து வளர்வதற்குள் அது குடுவையை நிறைத்துவிட்டு வெளியே எட்டிப் பார்க்கும். சேர் அவள் மேசைக்கு முன்னால் போய் நின்று "ஹொந்தாய், ஹொந்தாய்" என்று மெச்சும்போதெல்லாம் நான் தண்ணீர்க் குழாயை முழுக்கத் திறந்து, கழுவின கண்ணாடியையே மறுபடி சத்தமாகக் கழுவுவேன். வீட்டுக்குப் போயும் அதே பேச்சு. அவள் குடுவை இப்படி, அவள் வடிகட்டல் அப்படி.

மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஆய்வுகூடத்துல தண்ணி சூடு காட்டுற பொட்டி ஒன்னு இருக்குன்னு சொன்னீங்களே?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒங்க வயித்துல எரியுறத எடுத்து அதுக்குள்ள வைங்க. கரண்டே தேவையில்ல."

இப்படியாக ஆயுத பூசை வந்தது. தோட்டத்துப் பெக்டரிகளில் அது தீபாவளியைவிடப் பெரிய சங்கதி. தேயிலை அரைக்கிற ரோலரிலிருந்து ஸ்பேனர் வரைக்கும் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, அன்றைக்கு ஒன்றையும் ஓட்டமாட்டார்கள். அந்த வருஷம் சேருக்கும் ஆசை வந்துவிட்டது. "அபே லெப் எகடத் ஓனே" என்றார். நம்ம ஆய்வுகூடத்துக்கும் வேணுமாம்.

மூன்று பேரில் சரஸ்வதிக்குச் சொந்தக்காரன் நான் ஒருவன்தான். ஆகவே ஒரே நாளில் பெரிய ஆளாகிவிட்டேன். படம் எங்கே மாட்டுவது, வாழைப்பழம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் என்னைக் கேட்டுத்தான். "படத்துக்கு முன்னால வச்ச சாமான மறுநாள் காலைப் பூசை முடியிற வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது" என்று சட்டமும் போட்டேன். சேர் ஏதோ எழுதுவதற்காக, சாமிக்கு வைத்திருந்த தன் பேனாவை எடுக்கக் கையை நீட்டினார். "சேர், எபா, தொடாதீங்க!" என்று நான் போட்ட கூச்சலில், பூசைக்கு வந்திருந்த தோட்டத்துக் கோயில் பூசாரியே கற்பூரத் தட்டை நழுவவிடப் பார்த்தார்.

அந்தப் பிள்ளை பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, நொதியமும் நம்ம ஆயுதந்தானே? அதயும் வைப்பமா?"

"வை, வை" என்றேன். பெரிய ஆள் அல்லவா.

அவள் சுண்டுவிரல் அளவு குழாய் ஒன்றில் கொஞ்சம் ஊற்றிக் கொண்டுவந்து ஓரமாக வைத்தாள். பூசாரி அதற்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்தார்.

அந்தப் பொட்டைக் கண்டதும் எனக்குப் புத்தி பேதலித்தது. நாளைக்குக் காலையில் சரஸ்வதி பார்க்கும்போது எதிரில் இருக்கப்போவது கேகாலை நொதியம். என் நொதியம் பிரிட்ஜுக்குள் இருட்டில். படிப்புக்கு அதிபதி யாரைப் படிக்க அனுப்புவாள்? ஓடினேன். நானும் ஒரு சின்னக் குழாயில் கொஞ்சம் ஊற்றியிருக்கலாம். அது தோன்றவேயில்லை. அவள் குழாய் வைத்தால் நான் போத்தல் வைப்பேன். மாதக்கணக்காக வடித்துச் சேர்த்த அத்தனையும் இருந்த போத்தலை அப்படியே தூக்கிவந்து, படத்துக்கு நேர் எதிரே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில், சாமி நினைத்தாலும் பார்க்காமல் இருக்கமுடியாத இடத்தில் வைத்தேன். பூசாரி பெரிய பொட்டாக வைத்தார். நான் வெற்றியோடு திரும்பிப் பார்த்தேன்.

"நல்லாருக்கு, அண்ணே" என்றாள் அவள்.

மணி அடித்தது. தீபம் காட்டினார்கள். கன்னத்தில் போட்டுக்கொண்டு கண்ணைத் திறந்தேன். போத்தல் குளிரிலிருந்து வந்ததால் வியர்த்திருந்தது. விளக்குச் சூட்டில் அந்த வியர்வை மெல்ல மெல்லக் காய்ந்துகொண்டிருந்தது. அது காயக் காய எனக்கு வியர்த்தது. மறுநாள் காலைவரைக்கும் அதைத் தொடக்கூடாது. சட்டம் போட்ட மகராசன் நானேதான்.

பூசாரியை ஓரம்கட்டினேன். "ஐயா, மறுபூசைய இப்பவே வச்சி முடிச்சிட்டா என்ன?"

"என்ன தம்பி, சாமி இப்பத்தான் வந்து ஒக்காந்திருக்கு."

"இல்ல ஐயா, பிரிட்ஜும் ஆயுதந்தானே? அதச் சாமிக்கிட்ட இழுத்து வச்சு, அந்தப் போத்தல மட்டும் உள்ளுக்கு..."

"பிரிட்ஜுக்கும் பொட்டு வச்சாச்சு. வச்ச எடத்த விட்டு ஒன்னும் அசையக் கூடாதுன்னு நீங்கதானே சத்தம் போட்டீங்க?"

சேர் சுண்டலை மென்றுகொண்டே, "சட்டம் சட்டந்தானே?" என்றார் தன் தமிழில். மீசை ஆடியது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "சாமிக்கு முன்னால வச்ச பொருளுக்கு ஒன்னும் ஆகாது" என்றும் நானே சேர்த்துக்கொண்டேன்.

"சாமிக்கு முன்னால வச்ச பாலும் புளிச்சுத்தானே போவுது?" என்றாள்.

மறுநாள் பூசை முடிந்ததும் சேர் உற்சாகமாகிவிட்டார். "ரெண்டும் வெளிய இருந்துச்சுதானே? அப்ப டெஸ்ட் பண்ணுவம்." இரண்டு கிளாஸில் ஒரே தேத்தண்ணி, ஒன்றில் அவளுடையது, ஒன்றில் என்னுடையது. விட வேண்டியதை விட்டு, நேரம் கொடுத்து, குளிரில் வைத்து எடுத்தோம். அவளுடைய கிளாஸுக்குப் பின்னால் பேப்பரைப் பிடித்தால் வாசிக்கலாம். என்னுடைய கிளாஸுக்குப் பின்னால் யானையைக் கட்டினாலும் தெரியாது.

"கிளாஸ் அழுக்கு, சேர்" என்றேன். கிளாஸை மாற்றினோம். "தேத்தண்ணி சரியில்ல" என்றேன். வேறு ஊற்றினோம். "விளக்குக்கிட்ட இருந்துச்சு, சேர், அதுக்குப் பக்கத்துல யார் இருந்தாலும் செத்துத்தான் போவாங்க" என்றேன். அதில் நியாயம் இருந்தது. சேர் நியாயமானவர். இருவரையும் புதிதாக வளர்த்து எடுக்கச் சொன்னார். கடைசியில் இரண்டு நொதியமும் ஒரே தொட்டியில், ஒரே சூட்டில், பக்கத்துப் பக்கத்தில் நின்றன. குளிக்கிற வெந்நீர்ச் சூட்டுக்கே என்னுடையது சுருண்டுவிட்டது. அவளுடையது சுகமாகக் குளித்துவிட்டு வந்து வேலை பார்த்தது.

சேர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இத அந்த எடம் குடுக்குற யுனிவர்சிட்டி குழுவுக்குக் கொண்டுபோகணும். அதுக்கு முந்தி இதோட கொணம் முழுக்கத் தெரியணும். எவ்வளவு சூட்டுல நிக்கும், எவ்வளவு புளிப்புல நிக்கும், எத்தன நாள் இருக்கும், எதோட சேந்தா கெடும். எங்கயாவது விழுந்தா இது வேணாம். ஒங்களுது கொஞ்சம் திருத்தி அனுப்புவம். அந்த எடம் அப்ப ஒங்களுக்கு."

"சரி, சேர். யார் செய்யிறது?"

"நீங்கதான்."

"நானா?"

"ஒங்களவிட அதுமேல சந்தேகப்படுற ஆள் எனக்குக் கெடைக்காது" என்றார்.

அன்றிலிருந்து அதைக் கொல்வதுதான் என் உத்தியோகம். சூட்டில் போட்டேன். குளிரில் போட்டேன். கரண்ட் போனபோது உருகவிட்டு, வந்தபோது உறையவிட்டேன். தகரக் கூரைமேல் வெயிலில் காயவைத்தேன். புளிப்பு, காரம், உப்பு என்று குழம்பு வைப்பதுபோல எல்லாம் சேர்த்தேன். இரத்தினபுரி பஸ்ஸில் எஞ்சின் மூடிமேல் வைத்துக்கூடக் கொண்டுபோய்வந்தேன். வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி, இது என்ன என்று கேட்டார்கள். "புஸ், மஹத்தயா" என்றேன். அங்கே நின்ற ஆமிப் பையன் முகர்ந்து பார்த்துவிட்டு, மூடியையும் அவனே இறுக்கிக் கொடுத்து, போகச் சொன்னான். அதற்கும் அந்த நொதியத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் வரைபடத்தில் அதன் கோடு இறங்கும் இறங்கும் என்று பார்ப்பேன். அது தரையில் படுத்த மாடு மாதிரி நகரமாட்டேன் என்று கிடக்கும்.

பொய்யாக எழுதியிருக்கலாமே என்பீர்கள். எழுதலாம்தான். ஆனால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு சோதனையையும் தானும் ஒருதரம் செய்து பார்க்கிறவள். பிடிபட்டால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? என் நேர்மை முக்கால்வாசி பயத்தில் வளர்ந்தது.

ஒரு நாள் கிளாஸ் எல்லாம் கழுவாமல் கிடந்ததால், துருப்பிடித்த பழைய பால்மா டின்னில் சோதனையைப் போட்டேன். தேத்தண்ணி மை மாதிரிக் கறுத்தது. நொதியம் வேலை பார்க்கவேயில்லை. கண்ணாடியில் போட்டு, துருப்பிடித்த ஆணி நாலை உள்ளே விட்டுப் பார்த்தேன். அதிலும் வேலை நடக்கவில்லை. இரும்பு! அவள் மேசைக்கு ஓடினேன்.

"புள்ள! செத்துருச்சி!"

"யாருண்ணே?"

"ஒன் நொதியம்! இரும்புல செத்துருச்சி!"

அவள் கையிலிருந்ததை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "பெக்டரித் தொட்டியெல்லாம் இரும்புதானே, அண்ணே" என்றாள். மாதக்கணக்காக நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். பார்த்துவிட்டேன். நினைத்த அளவுக்கு நன்றாயில்லை. "இரு, இன்னொருதரம் பாத்துர்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அவளுக்காகப் பார்க்கவில்லை. செத்தது நிச்சயம்தானா என்று உறுதிப்படுத்தத்தான் பார்த்தேன். முன்பு புளிப்பு வைத்தபோது மிஞ்சிய எலுமிச்சம்புளி உப்பு ஒரு போத்தலில் இருந்தது. செத்த பாம்பை இன்னொரு அடி அடிக்கிற மாதிரி அதையும் கொஞ்சம் போட்டேன். கறுப்பு வெளுத்தது. நொதியம் எழுந்து உட்கார்ந்து வேலை பார்க்க ஆரம்பித்தது. அந்தப் புளி இரும்பைப் பிடித்துக் கட்டிவைத்துக்கொள்கிறது, நொதியத்துக்கு விடுதலை. ஓங்கிய அடி உயிர்கொடுத்துவிட்டது. நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தப் பிள்ளை என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே!" என்று கத்தின சத்தத்தில் சேர் தேத்தண்ணிக் கோப்பையோடு ஓடிவந்தார்.

குழுவுக்கு முன்னால் போகிற நாளில் நானும் போனேன். போகாமல் வீட்டிலிருந்து வயிறு எரிவதைவிட, நேரில் போய் எரிவது மேல். பெரிய மண்டபம். எல்லாரும் கோட் போட்டிருந்தார்கள். அவள் பயப்படாமல் பேசினாள். சூடு, புளிப்பு, நாள் கணக்கு எல்லாம் என் கோடுகள், அவள் குரலில். எல்லாம் முடிந்து கைதட்டப் போகிற நேரத்தில், முன்வரிசையில் தூங்குவதுபோல இருந்த ஒரு வயசான பேராசிரியர் கையைத் தூக்கினார்.

"எல்லாம் சரி. கண்ணாடிக் குடுவையில் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். நம் தொழிற்சாலைகளில் இருப்பது இரும்புத் தொட்டி. அதில் இது என்னவாகும்?"

சேரின் மீசை அப்படியே நின்றது. எனக்குள் ஒருவன் எழுந்து நின்று, விழப்போகிறாள், விழப்போகிறாள் என்றான். அவள் விழவில்லை. "செத்துப்போகும், சேர்" என்றாள். மண்டபம் நிமிர்ந்தது. பிறகு அடுத்த படத்தைப் போட்டாள். எலுமிச்சம்புளி உப்பு சேர்த்தால் எழும்புகிற கோடு.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். "இதை யோசித்துப் பார்த்தது நீங்களா?"

"இல்ல, சேர். பின்னால இருக்கிறாரே, எங்க அண்ணன், அவர்தான். என் நொதியத்தக் கொல்லணும்னு அவர் செய்யாத வேலையில்ல. எங்க ஊர்ல அவரால கொல்ல முடியாத ஒரே உயிர் இதுதான்னு தெரிஞ்ச பெறகுதான் இங்க கொண்டுவந்தோம்."

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தது. கோட் போட்ட தலைகளெல்லாம் திரும்பி என்னைப் பார்த்தன. அந்தப் பேராசிரியர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்த ஒரே இடம் யாருக்கு என்பது அந்தத் தட்டலிலேயே முடிந்துவிட்டது. பிறகு அறிவித்தது சும்மா சடங்கு.

அதைக்கூட நான் தாங்கியிருப்பேன். கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் பகிடிவிட்டே பெயரெடுத்தவன் நான். என் வாழ்நாளில் என் பகிடிக்கு ஒரு மண்டபம் அப்படிச் சிரித்ததில்லை.

திரும்பி வருகிற வேனில் சேர் முன்சீட்டில் தூங்கிவிட்டார். மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அண்ணே, கோவமா?"

"இல்ல."

"எடம் போச்சேன்னு வருத்தமா?"

"அது இருக்கு. அது வேற." அவள் பக்கம் திரும்பினேன். "அந்தப் பகிடிய நான் சொல்லியிருக்கணும், புள்ள. செஞ்சவன் நான். சிரிப்பு ஒனக்கு."

அவள் யோசித்தாள். "நீங்க சொல்லியிருந்தா ஒருத்தரும் சிரிச்சிருக்க மாட்டாங்க, அண்ணே. உண்மையிலயே கொல்லப் பாத்தவர் மூஞ்சி ஒங்களுது."

அந்தப் பகிடியும் நான் சொல்லியிருக்கவேண்டியதுதான்.